படுத்த நேரம் வேறு, தூங்கிய நேரம் வேறு

வணக்கம். நான் பல வருடம் தொழிற்சாலை மருத்துவராக வேலை பார்த்தவள். வேலை நேரத்தில் தூங்கி வழிகிறார் என்று யாரையாவது அனுப்பி வைத்தால், நான் கேட்கும் முதல் கேள்வி, "ராத்திரி குறட்டை விடுவீர்களா?"

கணக்குப் பிரிவில் ஒருவர் இருந்தார். கணக்கில் புலி. அப்படிப்பட்டவருக்குக் கூட்டல் பிழை வர ஆரம்பித்தது. அனுப்பிய கடிதத்தையே மறுபடி அனுப்பினார். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகியது. பொறுப்பில்லை என்று மெமோ கொடுத்துவிட்டார்கள். "மேடம், ஒன்பதரைக்குப் படுத்தால் ஆறு மணிக்குத்தான் எழுந்திருக்கிறேன். இதற்கு மேல் எப்படித் தூங்குவது?" என்று கேட்டார். குறட்டையே கிடையாது என்று அடித்துச் சொன்னார். தூங்குகிறவருக்குத் தன் குறட்டை எப்படிக் கேட்கும்? சரி, மனைவியை அழைத்து வாருங்கள் என்றேன். அந்த அம்மா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "குறட்டைகூடப் பரவாயில்லைங்க டாக்டரம்மா. நடுவில் அது நின்னு போகும் பாருங்க, அப்போதான் பயம். மூக்குகிட்ட கை வெச்சு மூச்சு வருதான்னு பார்ப்பேன்."

உறக்கப் பரிசோதனையில் மணிக்கு 40 தடவைக்கு மேல் அவருக்கு மூச்சு தடைபட்டது தெரிந்தது. 30 தாண்டினாலே கடுமையானது. ஒவ்வொரு தடையும் குறைந்தது 10 விநாடி. தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைத்துக்கொள்கிறது, ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை திடுக்கிட்டு எழுப்புகிறது. ஒரே இரவில் 300 தடவைக்கு மேல்! காலையில் ஒன்றும் நினைவிருக்காது. அதனால்தான் சொல்கிறேன், படுத்த நேரம் வேறு, தூங்கிய நேரம் வேறு. முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சிபாப் கருவி இதற்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் 1981இல் அறிமுகப்படுத்தியது. அதைப் போட்டுக்கொண்டு தூங்க ஆரம்பித்த பிறகு, நம் கணக்குப் புலி பழையபடி ஆனார். அந்த மெமோவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

"எனக்குக் குறைந்த தூக்கம் பழகிவிட்டது" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரண்டு வாரம் தினமும் 6 மணி நேரம் மட்டும் படுக்க விட்டார்கள். கவனமும் நினைவாற்றலும், இரண்டு இரவு வரை கண்ணே மூடாதவர்கள் அளவுக்குச் சரிந்தன. ஆனால் அந்த 6 மணி நேரக்காரர்களுக்கோ லேசான அசதி மட்டும்தான் தெரிந்தது. பழகுவது அசதிதான். தப்பு கூடிக்கொண்டே போகும்.

தூக்கமே வராதவர்கள் மூன்று மாதமாக, வாரம் மூன்று நாளாவது அப்படி இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரைக்கு முன்னால், பழக்கங்களை மாற்றித் தரும் உளவியல் சிகிச்சையைக் கேளுங்கள்.

ஷிப்ட் வேலை பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். இரவு ஷிப்ட் முடிந்து கண் எரியும்போது வண்டியை எடுக்காதீர்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 விநாடி கண் மூடினால் வண்டி 50 மீட்டர் போய்விடும். பஸ்ஸில் போங்கள். இல்லையென்றால் இருபது நிமிடம் அங்கேயே கண்ணயர்ந்து, நன்றாகத் தெளிந்த பிறகு கிளம்புங்கள். வணக்கம்.