இந்த வீட்டு ஓட்டு எந்தக் கட்சிக்கும் எழுதிவைக்கப்படவில்லை | ஏற்காடு வ்லாக்

அனைவருக்கும் ஏற்காட்டிலிருந்து வணக்கம். மிளகுக் கொடி காணொளியின் இரண்டாம் பகுதியை இன்று எதிர்பார்த்திருப்பீர்கள். அது அடுத்த வாரம் வரும். அதற்கு முன் ஒன்றைப் பேசியே ஆக வேண்டும். பச்சை எனாமல் அடித்து முடித்ததும் உங்களுக்குக் காட்டினேனே, எங்கள் இரும்பு வாசற்கதவு, அதன் நட்டநடுவில், நான் நாகலூர்ப் பக்கம் போயிருந்த நேரம் பார்த்து, "இது எங்கள் கட்சிக் குடும்பம்" என்று ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் எல்லாக் கட்சிகளும் இதைச் செய்கின்றன.

அந்த ஸ்டிக்கரின் பசையை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். முதலில் வெந்நீர் ஊற்றினேன். மேல்தாள் மட்டும் உரிந்து வந்தது. பிறகு தேங்காய் எண்ணெய் தடவி ஒரு மணி நேரம் ஊறவிட்டேன். பசை இளகியது, ஆனால் போகவில்லை. கடைசியில் தின்னர் தொட்டுத் துடைத்தபோது பசையோடு சேர்ந்து பெயின்ட்டும் வந்துவிட்டது. அதே பச்சை நிறம் மலையில் கிடைக்காததால் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். அரை லிட்டர் எனாமல் 210 ரூபாய், பிரஷ் 45 ரூபாய், தின்னர் ஏற்கெனவே 80 ரூபாய். இவற்றோடு பேருந்துக் கட்டணத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். யாரோ ஒருவரின் விளம்பரத்துக்காக நான் செலவழித்த பணம் இது. உரிமையாளரின் அனுமதி இல்லாமல் தனியார் சுவரிலோ கட்டடத்திலோ எதையும் ஒட்டக் கூடாது என்று தேர்தல் ஆணையத்தின் நடத்தை விதிகளே கூறுகின்றன.

ஆனால் பெயின்ட்டைவிட என்னைக் கோபப்படுத்தியது, ஒட்டிய தம்பியை மறுநாள் கடைவீதியில் பார்த்துக் கேட்டபோது அவர் சொன்ன பதில். "அக்கா, உங்க அப்பா காலத்திலிருந்தே நம்ம கட்சிதானே?" என்றார். அப்பாவின் ஓட்டை அப்பா போட்டார் தம்பி, என் ஓட்டை நான்தான் போடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பரம்பரை ஓட்டு என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. காப்பித் தோட்டம் பரம்பரையாக வரலாம், கருத்து எப்படி வரும்?

நான் எப்படி வாக்களிக்கிறேன் என்பதை இங்கே விளக்க விரும்புகிறேன். ஒவ்வொரு பிரச்சினையையும் எடுத்து, அது எந்த மன்றத்தில் முடிவாகிறது என்று முதலில் பார்க்கிறேன். எங்கள் ஊர்க் குழாயும் தெருவிளக்கும் ஊராட்சியின் பொறுப்பு. பேருந்தும், மருத்துவமனையும், பட்டாவும் மாநில அரசிடம் இருக்கின்றன. சேலம் உருக்காலையைத் தனியாருக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதும், தேசிய நெடுஞ்சாலைகளும், சரக்கு மற்றும் சேவை வரியின் பெரும்பகுதி முடிவுகளும் டெல்லி சம்பந்தப்பட்டவை. இந்த மூன்று இடங்களுக்கும் ஒரே சின்னத்தில்தான் வாக்களிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

சேலத்து மக்கள் இதை ஏற்கெனவே செய்துகாட்டியவர்கள். 2019-இல் சேலம் மக்களவைத் தொகுதியில் திமுக வென்றது. இரண்டே ஆண்டுகளில், 2021 சட்டமன்றத் தேர்தலில், மாவட்டத்தின் 11 தொகுதிகளில் பத்தை அதிமுக கூட்டணி எடுத்தது, சேலம் வடக்கு ஒன்றுதான் திமுகவுக்குப் போனது. 2024-இல் மக்களவைத் தொகுதி மீண்டும் திமுகவிடமே வந்தது. புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: சேலம் நகரம் எங்கள் காலடியில் இருந்தாலும் ஏற்காடு சட்டமன்றத் தொகுதி நாடாளுமன்றத்துக்குக் கள்ளக்குறிச்சியோடு சேர்கிறது. எனவே சேலம் எம்.பி.யிடம் எங்கள் மலைச்சாலையைப் பற்றிக் கேட்பவர்கள் தவறான கதவைத் தட்டுகிறார்கள்.

கட்சி விசுவாசம் ஒரு மனிதரை எப்படி நெருக்கும் என்பதற்கு எட்டுவழிச் சாலையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. சென்னையையும் சேலத்தையும் இணைக்க 277 கிலோமீட்டருக்குச் சுமார் 10,000 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்ட அந்தத் திட்டத்துக்கு நிலம் எடுக்க 2018-இல் அதிகாரிகள் கல் நட வந்தபோது, மலையின் அடிவாரத்தில் குப்பனூர், ராமலிங்கபுரம் பக்கத்து விவசாயிகள் வயலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மத்தியில் பாஜக அரசும் மாநிலத்தில் அதிமுக அரசும் திட்டத்தை ஆதரித்தன. பாமகவின் அன்புமணி ராமதாஸ் திட்டத்தை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குச் சென்ற மனுதாரர்களில் ஒருவர். ஆனால் 2019 மக்களவைத் தேர்தலில் அவருடைய கட்சி அதே அதிமுக, பாஜகவோடு கூட்டணி சேர்ந்தது. நிலம் எடுக்கும் அறிவிக்கைகளை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது 2019 ஏப்ரல் 8-ஆம் தேதி. வாக்குப்பதிவு ஏப்ரல் 18-ஆம் தேதி. அந்தப் பத்து நாட்களில், காலமெல்லாம் மாம்பழத்துக்கே ஓட்டுப் போட்டுவந்த, நிலத்தில் கல் நடப்பட்ட ஒரு விவசாயியின் மனத்தை எண்ணிப் பாருங்கள். அவருடைய வழக்கை நடத்தியவரும் அவருடைய நிலத்தை எடுத்தவர்களும் ஒரே மேடையில் நின்றார்கள். கட்சியைப் பார்த்தால் அவருக்கு விடை கிடைக்காது, நிலத்தைப் பார்த்தால்தான் கிடைக்கும். (பின்னர் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், புதிய அறிவிக்கை வெளியிட்டு நிலம் எடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது.)

இப்போது நான் மிகவும் ரசித்த ஒரு கணக்கைச் சொல்லப் போகிறேன். மோய்செய் ஒஸ்ட்ரோகோர்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் 1902-லேயே நிரந்தரக் கட்சிகளுக்குப் பதிலாக ஒவ்வொரு பிரச்சினைக்கும் தனித்தனியாக மக்கள் கூட வேண்டும் என்று எழுதியவர். அவர் பெயரால் ஒரு முரண் வழங்குகிறது. அதை நம் மலைக்குப் பொருத்திப் பார்க்கிறேன். ஊரில் ஐந்து வாக்காளர்கள், இரண்டு கற்பனைக் கட்சிகள், மூன்று கேள்விகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வெளியூர் வாகனங்கள் நுழைய 2024 மே 7 முதல் இருக்கும் இ-பாஸ் ஏற்காட்டுக்கும் வேண்டுமா? புதிய சொகுசு விடுதிகளுக்கு அனுமதி தரலாமா? சாலையை அகலப்படுத்த மரங்களை வெட்டலாமா? மிளகுக் கட்சி இ-பாஸ் வேண்டும், விடுதி வேண்டாம், மரத்தைத் தொடாதே என்கிறது. காப்பிக் கட்சி மூன்றிலும் நேர் எதிர்.

முதல் மூன்று பேர் ஆளுக்கு இரண்டு கேள்விகளில் காப்பிக் கட்சியோடும், ஒன்றில் மிளகுக் கட்சியோடும் ஒத்துப்போகிறார்கள். அந்த ஒன்று முதலாமவருக்கு இ-பாஸ், இரண்டாமவருக்கு விடுதி, மூன்றாமவருக்கு மரம். மீதி இருவர் மூன்றிலும் மிளகுக் கட்சியின் பக்கம். கட்சியைப் பார்த்து வாக்களித்தால் காப்பிக் கட்சி மூன்றுக்கு இரண்டு என்று வெல்கிறது. இப்போது கேள்வி கேள்வியாக எண்ணுங்கள். இ-பாஸ் வேண்டும் என்பவர்கள் மூன்று பேர். விடுதி வேண்டாம் என்பவர்கள் மூன்று பேர். மரத்தை வெட்டாதே என்பவர்களும் மூன்று பேர். மூன்று கேள்விகளிலும் ஊரின் பெரும்பான்மை மிளகுக் கட்சியின் பக்கம் இருக்க, ஆட்சி காப்பிக் கட்சியிடம் போகிறது. அது "மக்கள் தீர்ப்பு" என்று சொல்லிக்கொண்டே மரத்தை வெட்டுகிறது. ஒருவர்கூட ஏமாற்றவில்லை, ஒரு கள்ள ஓட்டுக்கூட விழவில்லை. இதைத் தாளில் போட்டுச் சரிபார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை விவரிக்க முடியாது. நீங்களும் காணொளியை நிறுத்திவிட்டு ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

ஒரு பிரச்சினையை மட்டும் தனியாக மக்கள் முன் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்டலாமா என்ற கேள்வியைக் கிராம சபைகளிடம் விடும்படி 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த ஆண்டே 12 கிராம சபைகள் கூடின, 12-உம் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. டோங்கிரியா கோந்து மக்களிடம் அங்கே யாரும் கட்சியைக் கேட்கவில்லை, மலையைப் பற்றி மட்டும் கேட்டார்கள். மேட்டூர் அலுமினிய ஆலைக்காக நம் சேர்வராயன் மலையிலும் பாக்சைட் வெட்டப்பட்டது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். நம் மலையாளிப் பழங்குடி மக்களை அன்று அப்படிக் கேட்டிருக்க வேண்டும் என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

என் பெரியப்பா இதற்கு ஒரு மறுப்பு வைத்திருக்கிறார், அதை மறைக்க மாட்டேன். கட்சி இல்லாத வேட்பாளர் நாளைக்கு எங்கே நிற்பார் என்று யாருக்குத் தெரியும், கட்சி என்பது ஓர் உத்தரவாதம் என்கிறார். அதில் நியாயம் இருக்கிறது. அதைவிட வலுவான இன்னொரு தடையும் இருக்கிறது: 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம், அதாவது அரசமைப்பின் பத்தாவது அட்டவணை. கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி அவையில் வாக்களித்தால் உறுப்பினர் பதவியே போய்விடக்கூடும். ஆகவே, "எங்கள் கட்சி கொண்டுவந்தாலும் எதிர்த்து வாக்களிப்பேன்" என்று ஒரு வேட்பாளர் பிரசார வேனில் நின்று சொன்னால் அதை நான் நம்புவதில்லை. பிரச்சினை பார்த்து வாக்களிக்கும் உரிமை நமக்கு இருக்கிறது, அவருக்கு இல்லை. இதனால்தான் சட்டமன்றத் தேர்தலில் வேட்பாளரின் வாய்மொழியைவிட அவருடைய கட்சி ஒவ்வொரு மசோதாவிலும் எந்தப் பக்கம் நின்றது என்பதைத் தேடிப் படிக்கிறேன். வேட்பாளரிடம் கேட்பதெல்லாம் அவர் கையில் உள்ளவை: அவைக்கு எத்தனை நாள் வருவார், என்ன கேள்வி எழுப்புவார், ஆண்டுக்கு மூன்று கோடி ரூபாய்த் தொகுதி மேம்பாட்டு நிதியில் மலைக் கிராமங்களுக்கு எவ்வளவு ஒதுக்குவார்.

எனக்கு மிகவும் பிடித்த தேர்தல் ஊராட்சித் தேர்தல்தான். ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் கட்சிச் சின்னம் இல்லாமல் போட்டியிடுவார்கள்; 2019 டிசம்பரில் இங்கே கையில் நான்கு தாள்களைக் கொடுத்தார்கள். தலைவருக்கான இளஞ்சிவப்புத் தாளில் எங்கள் குழாயைச் சரிசெய்வார் என்று நம்பியவருக்குக் குத்தினேன். ஒன்றியத்துக்கான பச்சைத் தாளிலும், மாவட்டத்துக்கான மஞ்சள் தாளிலும் வேறு வேறு கணக்கு. வீட்டுக்கு வந்து சொன்னபோது பெரியப்பா ஒரு வாரம் பேசவில்லை. அந்த மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்ததை நான் சற்றும் விரும்பவில்லை. கட்சிச் சின்னம் இல்லாத தாளில் வாக்களிக்க நமக்கிருக்கும் ஒரே தேர்தல் அது.

வாக்குச் சேகரிக்க வரும் எல்லாத் தரப்பிடமும் ஒரே கேள்வித்தாளை நீட்டப் போகிறேன். இரவில் பிரசவ வலி வந்தால் மேல்கிராமங்களுக்கு எத்தனை நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வரும், கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட மாணவிகளுக்கு என்ன வழி, காட்டெருமை அழித்த காப்பிச் செடிக்கு இழப்பீடு எப்போது கிடைக்கும், இ-பாஸ் விஷயத்தில் அவர்கள் நிலை என்ன. பதிலைக் கட்சி முழுவதற்குமாகச் சொல்கிறாரா, தனக்கு மட்டுமா என்றும் குறித்துக்கொள்வேன். கேமராவில் பேச ஒப்புக்கொள்பவர்களின் பதிலை ஒரு வார்த்தையும் வெட்டாமல் வெளியிடுவேன்.

ஒரு விவரம் விட்டுப்போயிற்று. எந்தப் பதிலும் திருப்தி தராவிட்டால் நோட்டா இருக்கிறதே என்று கேட்பீர்கள். உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பரில் அதற்கு உத்தரவிட்ட பிறகு, தமிழ்நாட்டில் அது முதன்முதலாக வந்ததே எங்கள் ஏற்காடு இடைத்தேர்தலில்தான், 2013 டிசம்பர் 4-ஆம் தேதி. ஆனால் நோட்டாவுக்கு எத்தனை வாக்கு விழுந்தாலும் வேட்பாளர்களில் அதிகம் பெற்றவரே வெல்வார், எந்தப் பிரச்சினைக்காக மறுத்தீர்கள் என்பதும் அதில் பதிவாகாது. அதனால் என் கேள்வித்தாளில் நோட்டாவுக்கு இடம் ஒதுக்கவில்லை. நான்கில் இரண்டு கேள்விகளுக்காவது உருப்படியாகப் பதில் சொல்பவர்களில் ஒருவருக்கு வாக்களிப்பேன்.