பாடமாக்கிய படங்களும் பார்த்து வரைந்த படங்களும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் அன்பு வணக்கம். மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சித்திரப் பாடத்தை எப்படிச் சுவையாகக் கற்பிக்கலாம், அதற்கு வேண்டியவற்றை எங்கே தேடிக்கொள்ளலாம் என்று பேசும்படி கேட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இந்தப் பாடத்தைக் கற்பித்து வருகிறவள் என்ற முறையில் நேரே விடயத்துக்கு வருகிறேன்.

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளிடம் 'சந்தை' என்று ஒரு தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். இடப்பக்கம் ஒரு குடை, குடைக்குக் கீழே மரக்கறி விற்கிற அம்மா, நடுவில் கூடை பிடித்த ஒரு பெண், பின்னால் ஒரு தென்னை. வகுப்பில் முப்பது பேர் இருந்தால் முப்பது பேரும் வரைவது ஒரே சந்தையைத்தான். ரியூசனில் கொடுத்த மாதிரிப் படத்தைப் பாடமாக்கி, அதை அப்படியே தாளில் இறக்கிவிடுகிறார்கள். தலைப்பு 'பொங்கல்' என்று மாறினால் கூடைக்குப் பதிலாகப் பானை வரும். தென்னை அசையாமல் அதே இடத்தில் நிற்கும்.

இதே பிள்ளை சனிக்கிழமை தாயோடு திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் வருகிற பிள்ளைதான். வெங்காயம் கட்டிய சிவப்பு வலைப்பையை அது கண்டிருக்கிறது. சாத்தி வைத்த வாழைக்குலைகளையும், கீரைக்குத் தண்ணீர் தெளிக்கிற கையையும், தகரக் கூரையின் ஓட்டையால் விழுகிற வெளிச்சத்தையும் கண்டிருக்கிறது. அவற்றில் ஒன்றாவது படத்துக்குள் வருவதில்லை. பிள்ளையின் கையில் குறை இல்லை. 'நீ கண்டதை வரை' என்று அதற்கு ஒருவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். சித்திர ஆசிரியர் செய்ய வேண்டிய முதல் வேலை இந்த மாதிரிப் படங்களை ஒரு தவணைக்காவது ஒதுக்கி வைப்பது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்படி ஒதுக்கிவிட்டு என்ன செய்வது? நான் மண்ணில் இருந்து தொடங்குகிறேன்.

ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு வளவில் இருந்து ஒரு சிரட்டை மண் கொண்டு வர வேண்டும். உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துப் பிள்ளைகள் கொண்டு வருவது நல்ல செம்மண். தீவுப்பகுதிப் பிள்ளைகளின் மண் சாம்பல் ஓடியிருக்கும். கரையோரத்து மண்ணில் சிப்பித் துகள் மினுங்கும். எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாகக் கொட்டினால் வகுப்புக்கே ஆச்சரியமாக இருக்கும். நிறம் என்றால் பெட்டிக்குள் பன்னிரண்டு குழாயில் வருவது என்று நினைத்திருந்த பிள்ளைகள், தங்கள் ஊருக்கே இத்தனை நிறம் இருப்பதை அன்றைக்குத்தான் காண்கிறார்கள்.

பிறகு வேலை. மண்ணை அரித்துக் கல்லையும் வேரையும் எடுத்துவிட்டு, போத்தலில் தண்ணீரோடு நன்றாகக் குலுக்க வேண்டும். பரும் மணல் உடனே அடியில் படியும். மேலே கலங்கி நிற்கிற தண்ணீரை மட்டும் வேறு பாத்திரத்தில் வார்த்து, அசையாமல் ஒரு நாள் வைத்தால் மெல்லிய வண்டல் படியும். தெளிந்த தண்ணீரை வடித்துவிட்டு வண்டலை வெயிலில் காயவைத்து, அம்மியிலோ குழவியாலோ மாவாக அரைக்க வேண்டும். பிசினை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட்டு வடித்து வைத்திருந்தால், அதில் இந்த மாவைக் குழைத்துத் தூரிகையில் எடுக்கலாம். விளாம்பிசின் கிடைத்தால் மிக நல்லது. இலங்கையின் பழைய விகாரை ஓவியர்கள் நிறத்தைப் பிடித்து வைக்கப் பாவித்ததும் விளாம்பிசின்தான். பிசின் குறைந்தால் காய்ந்த நிறம் கையில் ஒட்டும். கூடினால் வெடிக்கும். சரியான அளவைப் பிள்ளைகளே துண்டுத் தாளில் பூசிப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும். அந்தத் தேடல் நடக்கிற பாடவேளையில் வகுப்பில் ஒருவரும் மணியைப் பார்ப்பதில்லை.

செம்மண்ணைச் சிவப்பாக்குவது அதிலுள்ள இரும்பு ஒட்சைட்டு. இந்த நிறம் வெயிலுக்கு மங்காது. சிகிரியாவில் 5ஆம் நூற்றாண்டில் தீட்டிய பெண்களின் உடலில் இன்றும் நிற்கிற சிவப்பும் மஞ்சளும் காவிமண் நிறங்கள். சிகிரியாவைப் பல்தேர்வு வினாவுக்காகப் பாடமாக்கிய பிள்ளை, தன் கையால் அரைத்த நிறத்தை வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்க்கும்போது, அந்த ஓவியன் என்ன பாடுபட்டிருப்பான் என்று தானாகவே கேட்கிறது. அதன் பிறகு விடையை அதற்கு நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

கறுப்புக்குச் சிரட்டைக் கரி இருக்கிறது. மஞ்சளுக்கு மஞ்சள் தூள். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மஞ்சளுக்கு ஒரு குணம் உண்டு, அது வெயிலில் வெளிறிவிடும். ஓவியத்துக்கு இது குறை. வேறொரு வேலைக்கு இதுவே வாய்ப்பு. மஞ்சள் தூளைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கலந்து வடித்து, தடித்த வெள்ளைத் தாளில் பூசி இருட்டறையில் காயவையுங்கள். அதன் மேல் ஒரு வேப்பங்கொத்தையோ பப்பாசி இலையையோ வைத்து, கண்ணாடியால் அழுத்தி முற்றத்து வெயிலில் வைத்துவிடுங்கள். இலை மறைத்த இடம் மஞ்சளாகவே இருக்கும், மற்ற இடமெல்லாம் வெளிறும். எங்கள் சித்திரை வெயிலுக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டியதில்லை. பிறகு வெண்காரம், அதாவது போராக்ஸ், கரைத்த தண்ணீரில் தாளை நனைத்தால் அந்த மஞ்சள் செம்பழுப்பாக மாறி, இலையின் உருவம் நன்றாக எடுத்துக் காட்டும். கமராவும் இருட்டறை இரசாயனமும் இல்லாமல் ஒளியால் பதித்த படம் இது. ஸ்பிரிட் தீப்பிடிக்கக் கூடியது, ஆகவே அதை ஆசிரியரே கையாள வேண்டும். வெண்காரக் கரைசல் வாயில் படக்கூடாது, வேலை முடிந்ததும் எல்லோரும் கை கழுவ வேண்டும். விஞ்ஞான ஆசிரியரையும் அன்றைக்குக் கூப்பிட்டுக்கொண்டால் இரண்டு பாடத்துக்கும் நல்லது.

பார்த்து வரைகிற பழக்கத்துக்கு இவ்வளவு ஆயத்தம்கூட வேண்டாம். தாளைப் பார்க்காமல், கண்ணைப் பொருளிலேயே வைத்து ஒரே கோட்டில் தன் கையை வரையச் சொல்லலாம். கதிரையை வரையாமல், கதிரைக் கால்களுக்கு இடையிலுள்ள வெளிகளை மட்டும் வரையச் சொல்லலாம். தடித்த மட்டையில் ஒரு சிறு சதுரம் வெட்டி, அதற்குள்ளால் வளவைப் பார்த்து, எதை எடுப்பது எதை விடுவது என்று தீர்மானிக்கச் சொல்லலாம். கிடுகு வேலி இருக்கிற ஒழுங்கை ஒன்று பக்கத்தில் இருந்தால் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போங்கள். ஓலைப் பின்னலின் சாய்கோடுகள், கதியால்களின் நிமிர்ந்த கோடுகள், பின்னேர வெயிலில் நிலத்தில் விழுகிற நிழல், எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். தூரம் போகப் போக வேலி சிறுத்துப் போவதைக் கண்ணால் கண்ட பிள்ளைக்குத் தூரநோக்கை விளக்கப் பலகையில் பத்துக் கோடு போட வேண்டியதில்லை.

'எனக்குக் கீறத் தெரியாது ரீச்சர்' என்று ஒதுங்கி இருக்கிற பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு, அதிலும் பெடியன்கள். அவர்களிடம் பட்டத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் ஏறுகிற பட்டங்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். மூங்கிலைச் சீவி இரு பக்கமும் ஒரே எடை வரும்படி பார்த்துக் கட்டி, நூலைப் பிணைக்கிற முச்சை போட்டு, காற்றில் ஒலிக்கிற விண் பூட்டி, வானத்தில் பறவையும் கப்பலுமாக நிறுத்துகிறார்கள். சமச்சீர், சமநிலை, முப்பரிமாண வடிவம், தூரத்தில் இருந்து தெரிகிற நிறப் பொருத்தம் என்று சிற்பத்துக்கும் வடிவமைப்புக்கும் வேண்டிய அத்தனையும் அதில் இருக்கிறது. கொக்குப் பட்டம் கட்டத் தெரிந்த பெடியனுக்கு வடிவமைப்புத் தெரியாது என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. மார்கழியில் சித்திர அறையைப் பட்டம் கட்டும் இடமாக மாற்றிவிடுங்கள். அந்தப் பெடியன் அங்கே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். சார்வோலைக்குச் சாயம் போட்டுப் பெட்டி இழைக்கத் தெரிந்த அம்மம்மாமாரையும் இதே மாதிரி வகுப்புக்கு அழைக்கலாம்.

உயர்தரப் பிள்ளைகளுக்கு இன்னும் ஆழமான ஒரு பயிற்சி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிற ஓவியர் தா. சனாதனன், போரால் இடம்பெயர்ந்த மக்களிடம் அவர்கள் இழந்த வீட்டின் நிலப்படத்தை நினைவில் இருந்து வரையச் சொல்லி, அவற்றோடு தன் சித்திரங்களையும் சேர்த்து 2011இல் ஒரு நூலாக்கினார். அதை அடியொற்றி, பிள்ளை தன் வீட்டுப் பெரியவர் ஒருவரோடு இருந்து, அவர் சொல்லச் சொல்ல அந்தப் பழைய வீட்டை வரையலாம். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்த குடும்பங்கள் எங்கள் வகுப்புகளில் நிறைய. நாற்சார் வீட்டின் நடுமுற்றம், கிணற்றடி, மாட்டுக் கொட்டில், சங்கடப்படலை எல்லாம் தாளில் வந்து சேரும். ஆனால் இதைக் கட்டாயமாக்கக் கூடாது. சில வீடுகளில் அந்தக் கதையைத் தொட முடியாது. அந்தப் பிள்ளைக்கு வேறொரு தலைப்பு ஆயத்தமாக இருக்க வேண்டும், அதை ஏன் எடுத்தது என்று மற்றவர்கள் முன்னால் கேட்கவும் கூடாது.

எங்கள் மண்ணுக்கே ஓவிய வரலாறு ஒன்று உண்டு என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும். இலங்கையின் பிரதம சித்திர வித்தியாதரிசியாக, அதாவது பாடசாலைச் சித்திரக் கல்வியின் தலைமை மேற்பார்வையாளராக, இருந்த வின்சரின் பெயரில், எஸ். ஆர். கனகசபை 1938இல் யாழ்ப்பாணத்தில் ஓவியக் கழகம் ஒன்றை நிறுவினார். குருநகரைச் சேர்ந்த அ. மாற்கு எத்தனையோ இளையவர்களுக்கு வரையக் கற்றுக்கொடுத்தவர். 1995 இடப்பெயர்வில் அவருடைய ஓவியங்கள் பல அழிந்து போயின. பிக்காசோவையும் கொழும்பின் நவீன ஓவியர்களான 43 குழுவையும் சொல்லிக்கொடுக்கிற அதே வகுப்பில் இவர்களுடைய பெயரும் ஒலிக்க வேண்டும்.

பார்க்கக் கூட்டிப் போகிற இடங்களுக்கும் குறைவில்லை. நாவலர் வீதியில் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது. கோட்டையின் ஐங்கோண அமைப்பை மதில் மேல் நடந்தபடியே வரையலாம். பருத்தித்துறைத் தெருமூடி மடத்தின் தூண்கள் ஒளியும் நிழலும் பழக ஏற்றவை. எனக்கு மிகப் பிடித்தது இன்னொன்று. யாழ்ப்பாணத்தில் இருந்த ஒல்லாந்தப் பாதிரியார் பல்தேயஸ் 1672இல் வெளியிட்ட நூலில் வட்டுக்கோட்டை உட்பட இங்குள்ள கோவிற்பற்றுத் தேவாலயங்களின் செதுக்குப் படங்கள் இருக்கின்றன. அவை இன்று இணையத்தில் கிடைக்கின்றன. படத்தை அச்செடுத்துக்கொண்டு அந்த இடத்துக்கே போய், எது இருக்கிறது, எது மாறிவிட்டது, ஐரோப்பியக் கண் எங்கள் பனையை எப்படி வரைந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பின்னேரத்தில் வரலாறும் விமர்சனமும் வரைதலும் சேர்ந்து நடந்துவிடும்.

இணையத்தில் வேறு என்ன உண்டு? பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் இலவசமாக இறக்கலாம். 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் எங்கள் பழைய சஞ்சிகைகளின் அட்டைப்படங்களையே ஒரு தவணைக்குப் பாடமாக வைக்கலாம். அம்ஸ்ரடாமின் ரைக்ஸ் அருங்காட்சியகமும் நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகமும் தங்கள் படங்களில் பெருந்தொகையை யாரும் எடுத்துப் பாவிக்க விட்டிருக்கின்றன. கைத்தொலைபேசியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, தூரிகைத் தடத்தைக் காட்டுங்கள். பாடநூலின் தீப்பெட்டி அளவுப் படத்தில் அது தெரியாது.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளை படத்தைக் கொண்டு வந்து காட்டினால் 'எத்தனை மாக்ஸ்?' என்று கேட்காமல் 'இதில் எந்த இடம் உனக்குக் கஷ்டமாக இருந்தது?' என்று கேளுங்கள். பதிலைக் கேட்டாலே பிள்ளை என்ன படித்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அதிபர்மாரிடம் ஒரு வேண்டுகோள். கணிதமும் விஞ்ஞானமும் முடியவில்லை என்றால் முதலில் பறிபோவது சித்திரப் பாடவேளைதான். இதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். தண்ணீர் எடுத்து, நிறம் குழைத்து, தாளை விரித்து முடிய மணி அடித்துவிடுகிறது. வாரத்தில் இருக்கிற பாடவேளைகளில் இரண்டையாவது ஒரே நாளில் அடுத்தடுத்துப் போட்டுத் தாருங்கள். அடுத்த ஆண்டு நேரசூசி போடுகிற நாளில் உங்கள் சித்திர ஆசிரியரையும் பக்கத்தில் இருத்தி, எந்த நாள் வசதி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நன்றி. வணக்கம்.