தேக்காவில் ஞாயிறு

வணக்கம் நேயர்களே. 20 வருஷமாகச் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்காவில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். கொவிட் கிருமித்தொற்றுக்கு அப்புறம் அந்தக் கடைகள் எப்படி எழுந்தன என்று சொல்ல வந்திருக்கிறேன்.

சிங்கப்பூரில் இந்தியர்கள் நூற்றுக்கு 9 பேர்தான். அதை வைத்து மட்டும் அத்தனை கடை ஓடாது. ஓட்டியது ஞாயிற்றுக்கிழமை. அன்று சாயங்காலம் சிராங்கூன் சாலையில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது, உங்களுக்கே தெரியும். ஊருக்குப் பணம் அனுப்ப, வாய்க்கு ருசியாகச் சாப்பிட என்று வெளிநாட்டு ஊழியத் தம்பிகள் வருவார்கள்.

2020 ஏப்ரல் 7இல் சர்க்யூட் பிரேக்கர், அதாவது ஊர்முடக்கம். தங்குவிடுதிகளில் இந்தத் தம்பிகள் 3 லட்சம் பேருக்கு மேல் அடைபட்டார்கள். ஜூனில் ஊர் மெல்லத் திறந்தது, அவர்கள் வரவில்லை. 2021 செப்டம்பரில்தான் சோதனையாக வாரத்துக்கு 500 பேரை விட்டார்கள். ஒன்றரை வருஷம் என் நோட்டில் ஞாயிற்றுக் கணக்கு வெறுமையாகக் கிடந்தது.

ஒரு பூக்கடை அக்காவைச் சொல்ல வேண்டும். விமானம் நின்றதும் மல்லிகை வரத்து குறைந்தது. கோயில் மூடியிருக்கிறது, கல்யாணமும் இல்லை. யாருக்குக் கட்டுவது? ஆனால் கோயில் மூடினால் சாமி வீட்டுக்கு வந்துவிடும் இல்லையா! வீட்டுப் பூஜைக்குப் பூ கேட்டு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. ஈசூனிலிருந்து ஒரு பாட்டி, "யார் கை முழம்?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து அக்கா, பூச்சரத்தைத் தன் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை பிடித்துப் படம் எடுத்து அனுப்பினார். வாழையிலையில் மடித்து, ஈரத்துணி சுற்றி, தன் சொந்தத் தம்பியின் வேனில் அடுக்குமாடி புளோக் புளோக்காகப் போனது. இன்றும் போகிறது. கடை திறந்த பிறகும் அவர் அதை விடவில்லை. அவர் செய்தது சரி. ஞாயிறு ஒன்றையே நம்பினால் ஞாயிறு போகும்போது எல்லாம் போகும், இதை நான் கடை கடையாகச் சொல்கிறேன்.

ஊழியத் தம்பிகள் திரும்பிய முதல் வாரம் ஒருவர் வந்து ஒரு முழம் மட்டும் வாங்கினார். கட்டிலுக்கு மேலே ஒட்டிய அம்மா படத்துக்காம். அக்கா காசு வாங்கவில்லை.

வாடகை பற்றித்தான் நிறைய வைத்திருந்தேன், நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். வாடகைத் தள்ளுபடி வந்தபோது தாளில் ஒப்பந்தம் இருந்தவர்கள் கேட்டு வாங்கினார்கள், வாய்ப்பேச்சில் உள்வாடகைக்கு இருந்தவர்கள் திண்டாடினார்கள். அப்படி இருக்கிறவர்கள் இந்த வாரமே எழுதி வாங்கி, முத்திரைத் தீர்வையும் கட்டிவிடுங்கள். நன்றி, வணக்கம்.