ஹாங்காங் மல்டி-லைன் சர்வர் ஆம்பூர் கடைக்குச் சரிப்படுமா?

அடுத்த கேள்வி ஆம்பூரிலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. படிக்கிறேன். "அண்ணா, எங்கள் வீட்டில் லெதர் பர்ஸ், பெல்ட், ஹேண்ட்பேக் தைத்து சொந்த வெப்சைட்டில் விற்கிறோம். பாதிக்கு மேல் ஜெர்மனி ஆர்டர், மிச்சம் சிங்கப்பூர், மலேசியா. சர்வர் சென்னையில் இருக்கிறது. சைட் திறக்க நேரமாகிறது என்று ஜெர்மனிக்காரர்கள் சொல்கிறார்கள். ஹாங்காங்கில் மல்டி-லைன் சர்வர், மூன்று லைன், மாதம் 4,000 ரூபாய் என்று ஒருவர் சொன்னார். எடுக்கலாமா?"

வேண்டாம் தம்பி. அந்த சர்வர் மட்டம் என்று சொல்லவில்லை. உங்கள் வியாபாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் மல்டி-லைன் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். சர்வர் இருக்கும் கட்டிடத்துக்கு ஒரே நெட்வொர்க் கம்பெனியின் இணைப்பு மட்டும் வராமல், இரண்டு மூன்று கம்பெனிகளின் இணைப்பு வரும். பிஜிபி என்று ஒரு முறை இருக்கிறது. நெட்டில் கதவு எண் மாதிரி இருக்கும் உங்கள் சர்வரின் ஐபி முகவரியை எல்லா லைன் வழியாகவும் "இங்கே இருக்கிறேன்" என்று அது வெளியே அறிவிக்கும். ஒரு லைன் போய்விட்டால் அந்த அறிவிப்பு விலகும், ஆட்கள் மிச்ச லைன் வழியாக வந்து சேர்வார்கள். முகவரி மாறாது. சில பேர் லைனுக்கு ஒரு ஐபி கொடுத்துவிட்டு அதையும் மல்டி-லைன் என்றே விற்பார்கள். அதில் ஒரு லைன் படுத்தால் டிஎன்எஸ்-ஐ, அதாவது சைட் பெயருக்கு எந்த ஐபி என்று சொல்லும் பதிவை, மாற்ற வேண்டும். பழைய முகவரியை நினைவில் வைத்திருப்பவர்கள் அது காலாவதியாகும் வரை முட்டிக்கொண்டே நிற்பார்கள். "ஒரே ஐபி-யா, பிஜிபி-யா?" என்று கேளுங்கள். விற்பவர் மென்று முழுங்கினால் போனை வைத்துவிடுங்கள்.

சரி, அந்த மூன்று லைன் எங்கே போகிறது? ஹாங்காங்கில் மூன்று லைன் என்று விற்றால் பெரும்பாலும் சைனா டெலிகாம், சைனா யூனிகாம், சைனா மொபைல் இந்த மூன்றும்தான். சீனாவில் ஒரு கம்பெனி நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது ரொம்ப காலமாகவே இழுபறி. தெற்கில் டெலிகாம் கை ஓங்கியது, வடக்கில் யூனிகாம். அதனால்தான் மூன்றுக்கும் நேரடி லைன் வைத்திருப்பது அங்கே பெரிய விஷயம். சீனாவுக்குள்ளேயே சர்வர் வைத்தால் ஐசிபி என்ற அரசுப் பதிவு வேண்டும், ஹாங்காங்கில் அது தேவையில்லை. அதனால் சீன வாடிக்கையாளர்களுக்கு விற்பவர்கள் ஹாங்காங்குக்குப் போகிறார்கள். நீங்கள் சீனாவுக்கு ஒரு பர்ஸாவது அனுப்பியிருக்கிறீர்களா?

இப்போது தூரத்தைப் பாருங்கள். ஃபைபருக்குள் வெளிச்சம் ஒரு செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். அதாவது 1,000 கி.மீ. போய்வர 10 மில்லி செகண்ட். சென்னையிலிருந்து ஃபிராங்க்பர்ட் நேர்கோட்டில் 7,500 கி.மீ., ஆகவே 75 மில்லி செகண்டுக்குக் கீழே யாராலும் இறக்க முடியாது. கேபிள் வளைந்து வளைந்து போவதால் நிஜத்தில் 150-ஐ ஒட்டித்தான் வரும். ஒரு பக்கம் திறக்க முதலில் இணைப்பு, அப்புறம் பூட்டுச் சின்னத்துக்கான குறியாக்கப் பேச்சு, அப்புறம்தான் "பக்கத்தைக் கொடு" என்ற கோரிக்கை. குறைந்தது மூன்று தடவை போய்வர வேண்டும். 150 வீதம் 450, முதல் எழுத்து வருவதற்கு முன்பே அரை செகண்ட் போச்சு. ஹாங்காங் இன்னும் தூரம், ஃபிராங்க்பர்ட்டிலிருந்து 9,000 கி.மீ.க்கு மேல். மாதம் நாலாயிரம் கொடுத்து ஜெர்மனிக்காரர்களை இன்னும் தள்ளி நிறுத்துவீர்கள். லைனை எத்தனை சேர்த்தாலும் தூரம் குறையாது.

நானும் இதில் சூடுபட்டவன்தான். சில வருஷம் முன்னால் ராணிப்பேட்டையில் ஷூ அப்பர் விற்கும் ஒருவருக்கு இரண்டு லைன் சர்வர் எடுத்துக் கொடுத்தேன். ஒரு சனிக்கிழமை ராத்திரி இரண்டும் ஒன்றாகப் படுத்துவிட்டன. விசாரித்தால், கம்பெனி இரண்டு, ஆனால் கட்டிடத்துக்குள் வரும் ஃபைபர் இரண்டும் ஒரே பள்ளத்தில். ஜேசிபி ஒரு வாய் வைத்ததில் இரண்டும் காலி. வேலூர் டவுனிலிருந்து காட்பாடி ஸ்டேஷனுக்கு பஸ், ஆட்டோ, ஷேர் ஆட்டோ எதில் போனாலும் பாலாற்றைத் தாண்டித்தானே ஆக வேண்டும்? அந்த மாதிரி. "இரண்டு ஃபைபரும் வேறு வேறு பக்கமாகக் கட்டிடத்துக்குள் வருகிறதா?" என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.

ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவே அந்தப் பாலாறு எது என்றால் செங்கடல். பெரும்பாலான கேபிள்கள் அந்தக் குறுகலான கடலுக்குள் நுழைந்து எகிப்து வழியாகத்தான் போகின்றன. 2024 தொடக்கத்தில் அங்கே சில கேபிள்கள் அறுந்து, இரண்டு பக்கமும் போக்குவரத்தைச் சுற்றி விட வேண்டியதாயிற்று. சர்வர் ஃபிராங்க்பர்ட்டில் இருந்தால் ஜெர்மனி வாடிக்கையாளர் கடலைத் தாண்டவே வேண்டாம். தாண்ட வேண்டியது நீங்கள்தான், ஆம்பூரில் உட்கார்ந்து ஆர்டர் பார்க்கும்போது. அது கொஞ்சம் மெதுவாக இருந்தால் என்ன? டீ குடித்துக்கொண்டே பார்க்கலாம்.

சிங்கப்பூர், மலேசியாவுக்கு ஒரு சிடிஎன் போடுங்கள், சைட்டின் நகலைப் பல ஊர்களில் வைத்துக் கொடுக்கும் சேவை அது. படங்கள், டிசைன் ஃபைல்கள் பக்கத்து ஊரிலிருந்தே போய்விடும். கார்ட், பணம் கட்டும் பக்கம் மட்டும் ஃபிராங்க்பர்ட் வரை போகும், அது பரவாயில்லை. உங்கள் சைட்டைத் திறந்து பார்த்தேன் தம்பி, ஒரு ஹேண்ட்பேக் படம் 4 எம்பி! போனில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள். வெப்பி என்ற சிறிய பட வடிவத்துக்கு மாற்றி 200 கேபி-க்குள் கொண்டுவாருங்கள். சர்வர் மாற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இதுதான், காசும் கிடையாது.

எந்த சர்வராக இருந்தாலும் பணம் கட்டுமுன் டெஸ்ட் ஐபி கேட்டு வாங்குங்கள். பிங் என்றால் சர்வருக்கு ஒரு சின்னச் செய்தி அனுப்பி, பதில் வர எத்தனை நேரம் என்று பார்ப்பது. அதை வேலூரில் உட்கார்ந்து போட்டு என்ன பிரயோஜனம்? ஜெர்மனியில் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவரைப் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் குளோபல்பிங் மாதிரி இலவச சேவையில் ஜெர்மனியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அங்கே ராத்திரி எட்டு மணிக்குப் பார்க்க வேண்டும், அப்போதுதான் லைன் நெரிசல் தெரியும். நமக்கு அது கோடையில் பதினொன்றரை, குளிர்காலத்தில் பன்னிரண்டரை. வழியில் உள்ள ரவுட்டர்களை வரிவரியாகக் காட்டும் எம்டிஆர் போட்டால் நடுவில் ஒரு வரியில் 30 சதவீதம் லாஸ், அதாவது அவ்வளவு செய்திக்குப் பதில் வரவில்லை என்று காட்டலாம், பதறாதீர்கள். கடைசி வரியில் லாஸ் இல்லை என்றால் அந்த நடு ரவுட்டர் உங்கள் பிங்குக்குப் பதில் சொல்லச் சோம்பல்படுகிறது, அவ்வளவுதான். அங்கிருந்து கடைசி வரை லாஸ் தொடர்ந்தால்தான் கோளாறு. சர்வரிலிருந்து திரும்பிப் போகும் பாதை வேறாக இருக்கலாம், அந்தப் பக்கமிருந்தும் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஜிடிபிஆர் பற்றியும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். 2018 மே 25 முதல் அமலில் இருக்கும் ஐரோப்பிய யூனியனின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அது. சர்வரை ஜெர்மனிக்கு மாற்றினால் மட்டும் தீர்ந்துவிடாது, ஏனென்றால் வாடிக்கையாளர் முகவரியை ஆம்பூரில் திறந்து பார்க்கிறீர்களே. அது தனி வீடியோவுக்கான சமாச்சாரம். இப்போதைக்குக் கார்டு நம்பரை மட்டும் உங்கள் சர்வரில் சேமிக்காதீர்கள், பேமென்ட் கேட்வே பார்த்துக்கொள்ளட்டும். பேக்கப்பை வேறு ஊரில் வையுங்கள். 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஒரு டேட்டா சென்டரே தீப்பிடித்து எரிந்தது. பேக்கப்பும் அங்கேயே வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

சரி, அடுத்து குடியாத்தத்திலிருந்து ஓர் அக்கா டொமைன் புதுப்பிப்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.