பீரோவுக்குள் ஒரு ரோலைஃபிளெக்ஸ்

நேயர்களுக்கு வணக்கம்.

அப்பா காலமான மூன்றாம் மாதம், அம்மா பீரோ சாவியை என்னிடம் நீட்டி, "அந்தக் கேமராவையெல்லாம் என்ன பண்ணப்போறே, முதல்ல அதச் சொல்லு" என்றாள். மயிலாடுதுறையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்டுடியோ நடத்தியவர் அப்பா. பீரோவின் அடித்தட்டில், பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில், தோல் உறை போட்டு மூன்று பிலிம் கேமராக்கள் இருந்தன: ரோலைஃபிளெக்ஸ் 3.5எஃப், யாஷிகா மேட் 124ஜி, நிகான் எஃப்எம்2.

"இருக்கட்டும்மா, அப்பா ஞாபகமா வெச்சிருப்போம்" என்று சொல்லிப் பூட்டிவிட்டேன். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். விற்க மனசு வராது, பயன்படுத்த நேரம் இருக்காது. வைத்திருப்பது என்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். இரண்டு மழைக்காலம் கழித்துப் பீரோவைத் திறந்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

ரோலைஃபிளெக்ஸின் லென்ஸுக்குள் பூஞ்சை. சென்னையில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பின்மூடியைத் திறந்து, ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டரையும் திறந்தபடி நிறுத்தி, டார்ச் அடித்துக் காட்டினார். ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள். நம் ஊர் ஈரக்காற்றும் இருட்டும் காற்றோட்டமில்லாத பெட்டியும் சேர்ந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? பாதுகாப்பு என்று நாம் நம்புகிற தோல் உறையே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூஞ்சை கசியவிடும் அமிலம் லென்ஸ் மேல் இருக்கும் பூச்சை அரித்துவிடுகிறது. துடைத்தால் இழை போகும், அரித்த தடம் போகாது.

இன்னொன்றும் சொன்னார். ஷட்டருக்குள் இருக்கும் எண்ணெய், வேலையில்லாமல் கிடந்தால் பிசினாகிவிடுமாம். முதலில் படுப்பது ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும் மெதுவான வேகங்கள்தான். ஒரு நொடி என்று வைத்து அமுக்கினோம், மூன்று நொடி இழுத்துக்கொண்டு நின்றது. "உங்க அப்பா தினம் கையில வெச்சிருந்த வரைக்கும் இது நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார். அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது.

வைத்திருப்பதும் ஒரு வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இப்போது தோல் உறைகள் தனி, கேமராக்கள் தனி. காற்றுப் புகாத டப்பா, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி. நாற்பதிலிருந்து ஐம்பது சதவீதத்துக்குள் முள் நின்றால் சரி. அரிசி டப்பாவில் புதைத்து வைக்கச் சொன்னார் பக்கத்து வீட்டுக்காரர். வேண்டாம், அரிசித் தூசி லென்ஸுக்கு இன்னொரு தொல்லை. மாதம் ஒருமுறை வெளியே எடுத்து எல்லா வேகத்திலும் ஷட்டரை ஓட்டிப் பார்க்கிறேன். இத்தனையும் செய்ய முடியாது என்றால், செய்யக்கூடியவர் கைக்குக் கொடுத்துவிடுவதுதான் அந்தப் பொருளுக்கு மரியாதை என்பது என் கட்சி.

யாஷிகாவை அப்படித்தான் கொடுத்தேன். கல்யாண வீடுகளில் உழைத்து உழைத்து மூலையெல்லாம் பித்தளை தெரிந்த கேமரா அது. வாங்க வந்தவர் இருபத்தைந்து வயதுப் பையன். அவன் முன்னாலேயே டார்ச் அடித்து லென்ஸைக் காட்டினேன். வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானிக்கு வேண்டிய 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது தயாரிப்பில் இல்லை, கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 1.5 வோல்ட் மாற்று பேட்டரியை நம்பினால் அளவு தப்பும் என்றும் சொன்னேன். உண்மையைச் சொன்னதற்கு விலையில் கொஞ்சம் குறைந்தது. குறையட்டும். விற்பதற்கு முன் ஒரு ரோல் போட்டு, எடுத்த படங்களையும் கையில் கொடுங்கள். 'ஓடுமா ஓடாதா தெரியாது' என்று விற்கிற கேமராவை, ஓடாது என்று கணக்கிட்டுத்தான் விலை கேட்பார்கள்.

டிஜிட்டல் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. 2018-இல் நிகான், கேனன் இரண்டு கம்பெனியும் பெரிய சென்சார் கொண்ட 'முழு ஃபிரேம்' மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத கேமராக்களை இறக்கிய பிறகு, கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் பாடிகளின் மவுசு குறைந்துகொண்டே வருகிறது. அதைப் பெட்டியில் பூட்டி, விலை ஏறும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. விற்பதாக இருந்தால் சீக்கிரம் விற்றுவிடுங்கள். நல்ல லென்ஸ் மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

சரி, ரோலைஃபிளெக்ஸ் கதைக்கு வருகிறேன். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்துக் கம்பெனி 1929-இல் தொடங்கிய வரிசையில் வந்தது. அரித்த தடத்தோடு விற்றால் பாதி விலைகூட வராது. சர்வீஸ் செய்து நானே படம் எடுக்க ஆரம்பித்தேன். தடம் இருக்கிறதே என்று பயந்தேன். வெயிலுக்கு நேரே திருப்பினால்தான் படம் லேசாக வெளிறுகிறது, மற்றபடி கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். பிலிம் வாங்கி, கழுவி, ஸ்கேன் எடுத்து முடிக்க ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிவிடுகிறது. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' பிலிமை அப்பா பெட்டி பெட்டியாக வாங்கி வைத்திருந்த காலமா இது? அதனால் யோசித்துத்தான் அமுக்குகிறேன். தலையைக் குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும், காட்சியும் இடம் வலமாக மாறித் தெரியும். அப்பா ஏன் எல்லோரையும் "கொஞ்சம் பொறுங்க, கொஞ்சம் பொறுங்க" என்று நிறுத்தி வைத்திருப்பார் என்று இப்போது புரிகிறது.

மிச்சம் இருப்பது நிகான் எஃப்எம்2. ஷட்டருக்குப் பேட்டரியே வேண்டாம், ஒளிமானிக்கு மட்டும்தான் வேண்டும். நல்ல விலைக்குக் கேட்கிறார்கள். அம்மா வாரம் ஒருமுறை, "அத என்ன பண்ணே?" என்று கேட்கிறாள். அதில் இப்போது ஒரு ரோல் ஓடிக்கொண்டிருக்கிறது. முப்பத்தாறில் இருபத்திரண்டு ஆயிற்று. மீதி பதினான்கு முடியட்டும், அப்புறம் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

வணக்கம்.