திண்ணைக்கு வந்த ஆபீஸ்

நடுவர் ஐயா, எதிரணி அண்ணன்மாரே, அக்காமாரே, கும்பகோணத்துப் பெருமக்களே, வணக்கம். எனக்குக் கொடுத்தது எட்டு நிமிஷம், அதனால வணக்கம் இவ்வளவுதான். கொரோனா காலத்துல வந்த ‘வீட்டிலிருந்தே வேலை’ வரமா, தொல்லையா? வரம்தான்னு பேச வந்திருக்கிற அணி நாங்க.

எனக்கு முன்னாடி பேசின அண்ணன் என்ன சொன்னாரு? “காவிரித் தண்ணி குடிச்சவன் மத்தியானம் மோர்க்குழம்பும் வாழைக்காய் வறுவலும் சாப்பிட்டான்னா ரெண்டு மணிக்குக் கண்ணு சொக்கிடும். அவனை வீட்டுல உக்கார வெச்சு வேலை வாங்கினா லேப்டாப்பு தலையணை ஆயிடும்”னாரு. பந்தலே அதிர்ற மாதிரி கைதட்டல். தட்டினதுல பாதிப் பேரு ரெண்டு மணிக்குத் தூங்கி எழுந்து தெம்பா வந்தவங்க!

அண்ணே, ஒரு கணக்கு போடுவோமா? நியூயார்க்குல ஆபீஸ் திறக்கிற காலை 9 மணி, நமக்குச் சாயங்காலம் 6.30. நவம்பர்ல அவங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளி வெச்சதும் அது நமக்கு 7.30 ஆயிடும். மார்ச்சுல மறுபடி 6.30. அவங்க கோடைக் கணக்குப்படி, அங்க மத்தியானம் சாப்பிட்டுட்டு ஒன்றரை மணிக்குக் கொட்டாவி விடறப்போ இங்க ராத்திரி 11. நம்ம பையன் கொட்டக் கொட்ட முழிச்சிட்டு உக்காந்திருக்கான். இப்ப தூங்கி வழியறது யாருண்ணே? மத்தியானம் ரெண்டு மணிக்கு அவன் சாஞ்சது சோம்பேறித்தனம் இல்ல, ஷிப்டுக்கு முன்னேற்பாடு!

வீட்டுல உக்காந்தா வேலை நடக்காதுன்னு எந்த ஊர்ல வந்து சொல்றாரு பாருங்க. இந்தப் பக்கம் சுவாமிமலை. மெழுகுல சாமி உருவம் பிடிச்சு, அது மேல காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவெச்சு, சூடு காட்டி மெழுகை வெளியேத்திட்டு, அந்த வெற்றிடத்துல உலோகத்தை உருக்கி ஊத்தறாங்க. ஆறினப்புறம் மண்ணை உடைச்சாத்தான் சங்கதி தெரியும். உள்ள காத்து நின்னு விரலோ முகமோ நிரம்பாமப் போச்சுன்னா, திரும்ப மெழுகுலேருந்து ஆரம்பிக்கணும். இதை வீட்டுக் கொல்லையிலயே பட்டறை போட்டுத் தலைமுறை தலைமுறையா செஞ்சவங்க இருக்காங்க. அந்தப் பக்கம் திருபுவனம். வீட்டுக் கூடத்துலயே குழி வெட்டித் தறி, குழிக்குள்ள காலு, கண்ணு முன்னாடி பட்டு இழை. அடுப்படி நாலே எட்டு. இவங்களுக்கெல்லாம் எந்த மேனேஜருண்ணே வருகைப் பதிவேடு வெச்சாரு?

நடுவர் முறைக்கிறாரு. ஒரு கேலிக்கே மூணு நிமிஷம் போயிடுச்சு. சரி, தொல்லைக்கு வர்றேன். இல்லேன்னு சொல்லல, இருந்துச்சு. அது எங்க இருந்துச்சுன்னுதான் சொல்லப் போறேன்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். 2020 மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்கு 21 நாள் ஊரடங்குன்னு அறிவிச்சாங்களே, அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே சென்னையிலேருந்து பெட்டியும் லேப்டாப்புமா வந்து இறங்கிட்டான் ஒரு தம்பி. திண்ணையை ஒட்டின அறைதான் ஆபீஸு. ஃபைபர் நெட் இருக்கு, இன்வர்ட்டர் இருக்கு, அம்மா கையால காப்பி இருக்கு. ராஜா மாதிரி உக்காந்து, “சார், அடுத்த வாரத்துக்குள்ள...”ங்கிறான். பட்டுனு கரண்ட் போகுது.

கவனிங்க, ஃபேன் சுத்துது. லைட் எரியுது. லேப்டாப்புல சார்ஜ் இருக்கு. இவன் பாட்டுக்குப் பேசிட்டிருக்கான். அந்தப் பக்கம் மேனேஜர் பாக்கறாரு, பையன் வாயைத் திறந்தபடி சிலையா நிக்கிறான். “அடுத்த வாரத்துக்குள்ள”... என்ன? தெரியாது. மூணு நிமிஷம் கழிச்சு உள்ள வந்தா அங்க வேற கதை ஓடுது. மறுநாளும் அதே நேரம், “சார், நேத்து சொல்ல வந்தது என்னன்னா...” பட்டுனு கரண்ட். மறுபடி சிலை! இப்படியே ஒரு வாரம். ஆபீஸ்ல இவனுக்கு ‘அடுத்த வாரம்’னே பேரு வெச்சுட்டாங்க.

முதல்ல மின்வாரியத்துக்குப் போன் போட்டான். “ரெண்டே நிமிஷத்துல கொடுத்துட்டோமே தம்பி”ன்னாங்க. அடுத்து கேபிள்காரர் வந்தாரு. “ஃபைபர்ங்கிறது மயிரிழை கனத்துக் கண்ணாடி. கதவு இடுக்குல மடக்கிப் பிடிச்சாலோ, அணில் கடிச்சாலோ, பெட்டியில ‘லாஸ்’ங்கிற விளக்கு சிவப்பா எரியும். உங்களுக்கு எல்லா விளக்கும் மொத்தமா அணைஞ்சு ஒண்ணொண்ணா வருது. என் கம்பி மேல தப்பில்ல”ன்னுட்டுப் போயிட்டாரு. ரொம்பச் சரியாச் சொன்ன மனுஷன். யாரும் காதுல வாங்கல. மூணாவது, அம்மா. “இத்தனை சம்பளம் வாங்கற புள்ள, ஊரு கண்ணு”ன்னு ரூட்டர்ல எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டாங்க. கரண்ட் போச்சு. எலுமிச்சம்பழம் ஆடுது, நெட் இல்ல!

கடைசியா தெருக்கோடி எலக்ட்ரீஷியன். எட்டாவது பாஸ். டெஸ்டரைக் காதுல சொருகிட்டு வந்தாரு, ரூட்டரைப் பாக்கவே இல்ல, நேரா இன்வர்ட்டர்கிட்ட போனாரு. அதுல ஒரு குட்டி ஸ்விட்ச். ஒரு பக்கம் ‘ஈகோ’ (ECO), ஒரு பக்கம் ‘யூபிஎஸ்’ (UPS). “தம்பி, ஈகோவுல கிடக்கு. கரண்ட் போனா பேட்டரிக்கு மாற ஒரு கணம் தாமதிக்கும். ஃபேனுக்கு அது தெரியாது, சுத்தின வேகத்துல சுத்தும். ரூட்டர் செத்துப் பொழைச்சு எழுந்திரிக்க மூணு நிமிஷம்”னாரு. ஸ்விட்சை யூபிஎஸ் பக்கம் தள்ளினாரு. அப்புறம் கரண்ட் போனாலும் நெட் போகல.

கதை முடியல, ஐயா, மணியில கை வைக்காதீங்க. சாயங்காலம் ஊர்ல ஃபில்டர் பாயிண்ட், அதாவது வயலுக்குத் தண்ணி இறைக்கிற குழாய்க் கிணத்து மோட்டாரெல்லாம் ஓட ஆரம்பிச்சதும் வோல்டேஜ் 160க்கு இறங்குது. யூபிஎஸ்ல இருந்தா 180க்குக் கீழ போனாலே இன்வர்ட்டர் கரண்டை வேணாம்னு தள்ளிட்டுப் பேட்டரிக்குப் போயிடும். கரண்ட் இருக்கறப்பவே பேட்டரி தீருது! ஈகோவுல இருந்தா குறைஞ்ச வோல்டேஜையும் ஏத்துக்கும்; அதுக்குத்தான் இன்வர்ட்டர் வெச்சவரு ஈகோவுல போட்டிருக்காரு. அவரு மேலயும் தப்பில்ல.

எலக்ட்ரீஷியன் சுவத்துல கரித்துண்டால கணக்குப் போட்டாரு. 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி, பெருக்கினா 1800 வாட்-மணி. பாதிக்கு மேல உறிஞ்சினா பேட்டரி ஆயுசு குறையும், அப்ப 900. ஃபேன் 75, லேப்டாப் 65, லைட் 20, ரூட்டர் 12, ஆக 172 வாட். நடுவுல இன்வர்ட்டர் தின்கிறதும் போனா நாலு, நாலரை மணி நேரம். மாசாந்திரப் பராமரிப்புன்னு காலை ஒன்பதுலேருந்து சாயங்காலம் வரைக்கும் நிறுத்தினா தாங்காது. ஃபேனை மட்டும் 30 வாட் இழுக்கிற புது ரகமா மாத்தினா ஆறு மணி நேரம் கிட்ட வரும். டிஸ்டில்டு வாட்டர் ஊத்துங்க, போர் தண்ணியை ஊத்தினா உப்பு பேட்டரியைத் தின்னுடும். ஸ்விட்சைத் திரும்ப ஈகோவுக்கே தள்ளிட்டு, ரூட்டருக்குத் தனியா ஆயிரத்துச் சொச்சத்துல ஒரு குட்டி யூபிஎஸ், அதாவது கரண்ட் போனாலும் ரூட்டரை அணையாம வெக்கிற பேட்டரிப் பெட்டி, வாங்கி மாட்டச் சொன்னாரு. வாங்கறதுக்கு முன்னாடி ரூட்டர் அடாப்டர்ல 12 வோல்டா, 9 வோல்டா, எத்தனை ஆம்பியர்னு பாருங்க, மாத்தி மாட்டினா ரூட்டர் வேலை செய்யாது, கருகினாலும் கருகிடும்னாரு. போறப்ப ஒரு வார்த்தை: “எலுமிச்சம்பழத்தைக் கழட்டி ஜூஸ் போடுங்க.”

எதிரணி அடுக்கின தொல்லையில முக்காவாசி இந்த ரகம். பிளாஸ்டிக் நாற்காலியில முதுகு வலின்னாங்க; கண்ணு மட்டத்துக்குத் திரை வர்ற மாதிரி லேப்டாப்புக்கு அடியில நாலு புத்தகம், தனியா ஒரு கீபோர்டு. சிக்னல் வரலைன்னாங்க, ரூட்டரைப் பரண்ல பித்தளை அண்டாவுக்குப் பின்னாடி வெச்சா எப்படி வரும்? ஆனா எதிரணி அக்கா சொன்னாங்களே, “அவருக்கு வீட்டுல ஒரு ஷிப்டு, எனக்கு ரெண்டு ஷிப்டு”ன்னு, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. நடுவர் ஐயா, அந்த மார்க்கை அக்காவுக்கே போட்டுடுங்க.

அதே தம்பி வீட்டுக்குத் திரும்பப் போவோம். காலேஜ் முடிச்சுச் சென்னைக்குப் போனவன், தீபாவளிக்கு ரெண்டு நாள், பொங்கலுக்கு மூணு நாள்தான் ஊர்ல. அம்மா அவனுக்குப் போட்டது சாப்பாடு இல்ல, விருந்து. சொந்த வீட்டுல விருந்தாளி. அப்பாவோட பேசினது? போன்ல, “சாப்டியா?” “சாப்டேன்.” “அம்மாகிட்ட கொடுக்கறேன்.” அவ்வளவுதான்.

2020 ஜூன் 12, மேட்டூர் திறந்துச்சு. குறுவைக்குத் தண்ணி. கல்லணை தாண்டி, ஆறாகி, வாய்க்காலாகி அந்த ஊருக்கு இறங்கறதுக்கு நாளாச்சு. அதுவரைக்கும் நாத்தங்காலைக் காப்பாத்தினது ஃபில்டர் பாயிண்ட்தான். அதாவது, சாயங்காலமானா வோல்டேஜை இழுத்து இவன் பேட்டரியைத் தின்ன மோட்டார்ல ஒண்ணு அவங்க அப்பா மோட்டார்! ரெண்டு பேருக்கும் அது தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கல.

ஒரு நாள் ராத்திரி, மணி ரெண்டு. ஊருக்கு முறைத் தண்ணி. அப்பா டார்ச்சும் மண்வெட்டியுமா மடை திறக்கக் கிளம்பறாரு. அறையில வெளிச்சம், உள்ள புள்ள யாரோ வெள்ளைக்காரன்கிட்ட தணிஞ்ச குரல்ல பேசிட்டிருக்கான். சத்தம் போடாம இறங்கிப் போயிட்டாரு. மூணரை மணிக்குத் திரும்பி வந்தா, திண்ணையில ரெண்டு தம்ளர்ல டீ. அவன் ஷிப்டு முடிஞ்சு போச்சு, தூங்கப் போகல. அப்பா காலுல சேறு, அவன் காதுல இன்னும் ஹெட்செட்.

“தண்ணி வந்துச்சாப்பா?”

“வந்துச்சு. மோட்டாரை நிறுத்தியாச்சு. உனக்கு நெட் வந்துச்சா?”

“வந்துச்சுப்பா.”

மணி அடிச்சுட்டீங்களா ஐயா? சரி. வணக்கம்.