அவுட் ஆன பிள்ளைக்கு என்ன வேலை?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

"கலர் கலர்!" என்று ஒரு பிள்ளை கத்தும். "வாட் கலர்?" என்று மற்றதெல்லாம் கேட்கும். "க்ரீன்!" என்றதும் ஓட்டம்தான். பச்சையாக எது கண்ணில் பட்டாலும் தொட்டாக வேண்டும், தொடாதவர் மாட்டிக்கொள்வார். நம் தெருப்பிள்ளைகள் தாங்களாகவே ஆடுகிற ஆட்டம் இது. ஆங்கிலப் பாடத்தில் வாயே திறக்காத பிள்ளைகூட இங்கே 'க்ரீன்' என்றால் என்னவென்று யோசித்து நிற்பதில்லை.

விளையாட்டு வழியே கற்பிப்பது தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிதல்ல. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்து, தமிழோடும் கணக்கோடும் ஆங்கிலத்துக்கும் ஆடல், பாடல், பொம்மலாட்டம் எல்லாம் சேர்ந்தன. ஆகவே விளையாட்டு வேண்டுமா என்ற கேள்வி முடிந்துபோனது. ஆங்கிலம் கற்பிக்க எந்த விளையாட்டு என்பதுதான் மிச்சம்.

என் அளவுகோல் ஒன்றுதான். ஆங்கிலம் பேசாமலேயே அந்த ஆட்டம் நடந்துவிடுமா? நடந்துவிடும் என்றால் அது பி.டி. பீரியட். ஸ்பீக்கரில் ஆங்கிலப் பாட்டைப் போட்டு மியூசிக்கல் சேர் ஆடினால் பிள்ளைகள் நாற்காலியைப் பிடிக்கத்தான் கற்றுக்கொள்வார்கள்.

ராஜா ராணி போலீஸ் திருடன் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக போலீஸ்காரர் முகத்தை உற்றுப் பார்த்தே திருடனைச் சொல்லிவிடுவார். அதைக் கொஞ்சம் மாற்றுவோம். ஒரு சீட்டில் போலீஸ், மற்ற நாலில் காகம், மாடு, மீன், தவளை. போலீஸ் தவளையைக் கண்டுபிடிக்க வேண்டும், கேள்வி ஆங்கிலத்தில்தான். "கேன் யூ ஸ்விம்?" என்றால் மீனும் "யெஸ், ஐ கேன்" என்று சொல்லும், தவளையும் அதையே சொல்லும். இப்போது போலீஸ் திணறுவார். "டூ யூ ஹேவ் லெக்ஸ்?" என்று அடுத்த கேள்வி தானாக வரும். ஐந்து ஐந்து பேராக உட்கார்ந்தால், முப்பது பேர் வகுப்பில் ஒரே நேரத்தில் ஆறு போலீஸ் பேசிக்கொண்டிருப்பார்கள். சத்தம் வரும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். பார்க்கட்டும்.

இலக்கணப் பிழையை அந்த நேரத்தில் திருத்தப் போகாதீர்கள். ஆட்டம் அறுந்துவிடும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். கட்டளையைக் கேட்டு உடம்பால் செய்வது, பேச்சு அப்புறம் வரட்டும் என்பது, 1960-களில் ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் முன்வைத்த முறை. பேசக் கூச்சப்படும் பிள்ளைக்கு அருமையானது. 'சைமன் சேஸ்' ஆட்டமும் அந்த வகைதான். "சைமன் சேஸ், டச் யுவர் நோஸ்", "சைமன் சேஸ், ஜம்ப்" என்று சொன்னால் செய்ய வேண்டும், 'சைமன் சேஸ்' இல்லாமல் சொன்னால் செய்யக் கூடாது; தவறினால் அவுட். சிக்கல் அங்கேதான். முதலில் அவுட் ஆவது யார்? சொல் புரியாத பிள்ளை. யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ, அவரையே மூலையில் உட்கார வைத்துவிட்டு, தெரிந்தவர்களோடு மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறோம். எனவே அவுட் ஆனவர்தான் அடுத்த கட்டளை போடட்டும். தெரிந்த ஒரே சொல் 'ஜம்ப்' என்றாலும் சரி, வகுப்பு முழுவதும் குதிக்கட்டும்.

"நோட்டில் ஒண்ணுமே எழுதலையே, டீச்சர்?" என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கடைசி ஐந்து நிமிடத்தில், ஆடிய ஆட்டத்திலிருந்தே இரண்டு வரி, நாலு கோடு நோட்டில் எழுத வையுங்கள்: "எ ஃப்ராக் கேன் ஸ்விம். எ க்ரோ கேன் ஃப்ளை." பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஆங்கிலம் தெரியாத அம்மாவும் வீட்டில் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு உட்காரலாம். கேள்வி கேட்கிற வேலை பிள்ளைக்கு. கேள்வியைப் பிள்ளையே நடித்தும் காட்டட்டும். அம்மா யெஸ், நோ சொன்னால் போதும்.

நன்றி, வணக்கம்.